உரித்து எடுக்க அது அழுக்கல்ல
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



காரைநகரிலிருந்து பாதையில் கடல் கடந்தும், நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கியும் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் நாங்கள். வெயிலும் உப்புக்காற்றும் பட்ட முகத்தைப் பார்த்து, "கறுத்துப்போனாய் பிள்ளை" என்று வீட்டில் பயற்றம் மாவும் மஞ்சளும் பூசித் தேய்ப்பார்கள். இன்று நாற்பதைத் தாண்டிய பிறகு, "முகத்துக்குப் பீலிங் செய்யலாமோ?" என்று மருத்துவர்களாகிய எங்களிடம் எங்கள் தோழிமாரே கேட்கிறார்கள்.

தோலின் மேற்படையில் அடியில் பிறக்கும் கலங்கள் இளவயதில் ஏறத்தாழ 28 நாட்களில் மேலே வந்து உதிர்கின்றன. வயது ஏற இது மெதுவாகி, இறந்த கலங்கள் தங்க, முகம் மங்குகிறது. உரித்தல் சிகிச்சை அந்த உதிர்வை விரைவுபடுத்துகிறது. பயற்றம் மா உரசி எடுக்கும்; கிளைக்கோலிக், லக்ரிக் போன்ற அமிலங்கள் கலங்களின் பிடிப்பைத் தளர்த்தும். அளவோடு செய்தால் முகம் தெளியும், பருத் தழும்பின் கறையும் குறையும். ஆனால் பிறந்த நிறம் மாறாது.

எங்கள் தோலில் மெலனின் அதிகம். அது புண்பட்டால் கரும்படலம் விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஊருக்கு வருமுன் அவசரமாக உரித்துக்கொண்டு, இங்கே வெயிலில் நின்று, முன்னதைவிடக் கறுத்துத் திரும்பியவர்கள் எங்களுள் உண்டு. ஆழமாக உரிக்கும் சிகிச்சை எங்கள் தோலுக்கு ஏற்றதல்ல. மென்மையானதையும் தோல் வைத்திய நிபுணரிடமே, விழாவுக்குப் பல வாரங்கள் முன்னரே செய்யவேண்டும்.

வீட்டில் செய்வதானால் 10 வீதத்துக்கு மேற்படாத அமிலம், வாரம் ஒருமுறை, இரவில் போதும். எரிந்தால் நிறுத்திவிடுங்கள். பகலில் எஸ்.பி.எப். 30க்குக் குறையாத சன்ஸ்கிறீன் பூசுங்கள், குடையும் பிடியுங்கள். கர்ப்பிணிகள் றெட்டினோல் பூசக்கூடாது.

பார்சலில் 'வெள்ளையாக்கும்' கிறீம் அனுப்பும் அக்காமாருக்கும் ஒரு சொல். பெயர் விபரமில்லாத கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தையும் வயிற்றிலுள்ள பிள்ளையையும் பாதிக்கும். மினமாட்டா சமவாயம் பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்களை 2025உடன் முற்றாக விலக்கியிருக்கிறது. வேறு சிலவற்றில் ஸ்ரீரொயிட் மருந்து. முதல் மாதம் முகம் மினுங்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் மயிரும் முளைக்கும். திடீரென விட்டாலும் முகம் எரியும். ஆகவே, பூசிவருகிறவர்கள் வெட்கப்படாமல் கிறீமையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

சகோதரிகளே, முகத்தைச் சுத்தமாக வைத்திருப்பதும் மினுக்கிக்கொள்வதும் எங்கள் விருப்பம்; அதில் குற்றமில்லை. ஆனால் கறுப்பு அழுக்கல்ல. அந்த எண்ணத்தைச் சிறுவயதில் எங்கள் தலையில் ஏற்றியவர்கள் அன்புள்ளவர்களே. நாங்களும் அதே அன்போடு அதை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடக்கூடாது. பள்ளிவிட்டு வெயிலில் வரும் பிள்ளையிடம் "கறுத்துப்போனாய்" என்பதை விட்டு, "சாப்பிட்டியா பிள்ளை?" என்று கேட்போம்.