வெள்ளைச் சீட்டு



நூலக விழாவில் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு காகிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2020 ஜனவரி 2ஆம் தேதி, ஊரக உள்ளாட்சித் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. நான் ஒரு மேசையில் இருந்தேன். பெட்டியைக் கவிழ்த்தால் நிறம் நிறமாகக் கொட்டும். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், வார்டு மெம்பருக்கு வெள்ளை. இளஞ்சிவப்புச் சீட்டைப் பிரிக்கும்போது ஏஜெண்டுகள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். வெள்ளைக் கட்டை எடுத்தோம், கூட்டம் டீ குடிக்கக் கிளம்பிவிட்டது. முத்திரையே விழாத வெள்ளைச் சீட்டுகள் வந்தன. இரண்டு சின்னத்துக்கும் நடுவில் குத்திய சீட்டுகள் வந்தன. ஒவ்வொன்றையும் செல்லாதது என்று ஒதுக்கி வைக்கும்போது என் கை கூசியது. அந்த மக்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்தச் சீட்டு எதற்கு என்று மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்றைக்குச் சொல்கிறேன். நம் ஊராட்சிப் பணத்தை எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று தலைவருடையது. மற்றது துணைத்தலைவருடையது. அந்தத் துணைத்தலைவரை நீங்களும் நானும் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு மெம்பர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். எரியாத மோட்டாருக்கு ரிப்பேர் பில் வந்தால், போடாத சாலைக்குப் பட்டியல் எழுதினால், "இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லும் அதிகாரம், தலைவரை விட்டால், ஊருக்குள் அவருக்குத்தான் உண்டு. அவரை உட்கார வைப்பது உங்கள் வெள்ளைச் சீட்டு. அதைத்தான் மை காயுமுன் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறோம்.

"டீச்சர், நிற்கிறவன் நமக்குத் தெரிஞ்ச பையன்தானே" என்பீர்கள். என் வருத்தமே அங்கேதான் இருக்கிறது. சட்டமன்றத்துக்கு நிற்பவரைத் தெரியாது என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஊராட்சிக்கு நிற்பவர் மாமன், மச்சான், பங்காளி, கோயில் தர்மகர்த்தா மகன். அவர் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதியிருக்கிறோம். முகம் தெரியும் என்பதாலேயே வேறெதையும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். இத்தனைக்கும் தலைவர் பதவிக்கும் வார்டு மெம்பர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவியையும் ஆட்டோவையும் பார்த்து ஒரு மனிதனை எடைபோட முடியாது. அவர் வேட்புமனுவோடு சொத்தும் வழக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் அவர் காலத்து வரவு செலவு ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. தராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது.

கணக்குக் கேட்பது வெட்டுப்பழி வேலை என்று நினைக்காதீர்கள். உத்திரமேரூர் கோயில் சுவரில் முதல் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு நிற்கிறது. ஆண்டு 921. குடவோலையில் யார் பெயரைப் போடலாம், யார் பெயரைப் போடக் கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகாது, அவன் உறவுக்காரர்கள் பெயரும் போகாது. உறவை அன்றைக்கே ஊர் கணக்கில் எடுத்திருக்கிறது! பெருமைப்படுவோம். ஆனால் அந்தக் குடத்தில் நிலமில்லாதவன் பெயர் இல்லை, பெண்ணின் பெயர் இல்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர்கள் பெயர் சீட்டில் ஏற ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆனது. ஏறிய பிறகும் என்ன நடந்தது? மதுரை மாவட்டம் மேலவளவில், தலித் மக்களுக்கான தனித்தொகுதியாக இருந்த ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும், ஆறு பேரை, 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு தனித்தொகுதி ஊர்களில் 1996இலிருந்து 2006 வரை ஒரு தலைவர் நிலையாக உட்கார முடியவில்லை. மனுப் போட ஆளை விடமாட்டார்கள். ஜெயித்தால் மறுநாளே ராஜினாமா. ஒரு ஊராட்சித் தலைவர் நாற்காலிக்கு இவ்வளவு ரத்தமும் பிடிவாதமும் என்றால், அந்த நாற்காலி சின்னது என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

இதற்குப் பிறகு கோயில் முன்னால் ஊர்கூடி அந்தப் பதவியை ஏலம் விடுகிறார்கள் என்று செய்தி வரும்போது எனக்கு வயிறு எரிகிறது. "பணம் திருப்பணிக்குத்தானே" என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவரிடம் ஐந்து வருஷம் எந்த வாயால் கேள்வி கேட்பது?

தாய்மார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. 2016இல் சட்டம் திருத்தி உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். பெண் வேட்பாளர் வாசலுக்கு வந்தால், கூட வரும் கணவரைச் சற்று நிற்கச் சொல்லுங்கள். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை விடுவாய் என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். பதிலும் அவளே சொல்லட்டும்.

ஊருக்குத் தேர்ந்தெடுத்த ஆளே இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்றும் பார்த்தோம். 2016இல் நடக்க வேண்டிய தேர்தல் நின்றுபோய், மூன்று வருஷம் தனி அலுவலர்கள் நிர்வாகம். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நின்றோம்.

தேர்தல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஆண்டுக்கு ஆறு கிராம சபை. நாளைக்கு ஓட்டுக் கேட்டு வரப்போகிறவர்கள் அங்கே வருகிறார்களா, வாய் திறக்கிறார்களா என்று பாருங்கள். நம் ஊர் மக்கள்தொகை மூவாயிரத்துக்குள். கிராம சபை செல்லுபடியாக நூறு பேர் இருக்க வேண்டும். போன முறை நாற்பது பேர்தான் நின்றோம். மீதிக் கையெழுத்தை வீடு வீடாகப் போய் வாங்கினார்கள். நானே பார்த்தேன்.

பேசத் தொடங்குமுன் இந்தப் பந்தலை ஒரு முறை எண்ணினேன். நூற்றுப் பதினெட்டுப் பேர் இருக்கிறோம். அக்டோபர் 2, காலை பதினோரு மணி, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி. வரவு செலவுப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லி முதலில் நான் எழுந்திருப்பேன். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.