அமுதசுரபியும் தேவைப் படிகளும்



ஆசிரியப் பயிற்சி பெற்றோர் யாவரும் ஆபிரகாம் மாஸ்லோவின் தேவைக் கொள்கையை அறிவர். உடலியல் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னாற்றலின் நிறைவு என ஐந்தினை அவர் 1943இல் வரிசைப்படுத்தினார். (பாடநூல்களிற் காணும் கூம்பகப் படம் அவர் வரைந்ததன்று.) இக்கொள்கைகொண்டு மணிமேகலையின் துறவுப் பயணத்தை நோக்குவதே இன்றைய பேச்சின் பொருள்.

சீத்தலைச் சாத்தனாரும் பசியையே முதலில் வைத்தார் என்று சொல்லிவிடலாம். ஆயின், யாருடைய பசி? மணிபல்லவத்திலே மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை உபதேசிக்கின்றது. வேற்றுருக் கொள்வது, வான்வழிச் செல்வது. மூன்றாவது, பசியை ஒழிப்பது. அதன் பின்னரே, வைகாசிப் பௌர்ணமியில், அதாவது நமது கண்ணகி கோயில்களிற் குளிர்த்தி நிகழும் அதே காலத்தில், கோமுகிப் பொய்கையினின்றும் அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. அப்பாத்திரம் முழுவதும் பிறருக்கே. காயசண்டிகையின் யானைத்தீப் பசி தணிகிறது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. பிற்பாடு அரசமாதேவி அவளைப் பட்டினியிட்டு வதைத்தபோது அந்த மூன்றாம் மந்திரமே காக்கிறது.

இடர்ப்பாடு அன்பு என்ற படியிலேதான். உதயகுமரன்பால் தன் நெஞ்சு செல்வதைத் தோழி சுதமதியிடம் அவளே ஒப்புக்கொள்கிறாள். முற்பிறப்பிலே அவன் அவள் கணவன் இராகுலன். அவன் வெட்டுண்டு வீழ்ந்தபோது அரற்றிக்கொண்டு உடலருகே செல்ல முனைகிறாள், கந்திற்பாவை தடுக்கிறது. இத்தேவை நிறைவேறியபின் மேலேறினாள் என்று கூற இடமேயில்லை. இவ்விடத்திற் கொள்கை காவியத்துக்குப் போதவில்லை என்பேன். வரிசை இறுக்கமானதன்று என மாஸ்லோவும் ஒப்புக்கொண்டவர்தாம். 2004 மார்கழி 26இல் வந்த ஆழிப்பேரலையின் பின் எமது பகுதிப் பாடசாலைகள் அகதி முகாம்களாயின. சோற்றுப் பொதியை அவிழ்க்காமலே பிள்ளையைத் தேடி நின்ற தாய்மாரை எந்தப் படியில் நிறுத்துவது?

1970இல் மறைவதற்குச் சற்று முன்னர், தன்னைக் கடந்து நிற்கும் நிலையொன்றையும் மாஸ்லோ பேசலானார். மணிமேகலையை அங்கே வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் சாத்தனார் அவளை மேலே ஏற்றிவிட்டு அங்கேயே விட்டுவிடவில்லை. வஞ்சியிலே சமயவாதிகள் பலரைக் கேட்டும் மனம் அமையாதவள் காஞ்சிக்கு வருகிறாள். அங்கே பஞ்சம். வந்தவள் முதலிற் சோறிடுகிறாள்; ஊர் உண்டபின்பே அறவண அடிகளிடம் தருமங் கேட்க அமர்கிறாள்.