சானடோரியமும் காடோலினியமும்



எம்.ஆர்.ஐ. இயந்திரங்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. டாக்டர் இல்லை, கூட்டம் முடிந்ததும் யாரும் ஃபிலிமை நீட்டிவிடாதீர்கள்.

மூளைக் கட்டி என்று சந்தேகம் வந்தால் ஸ்கேனுக்கு நடுவே கையில் ஒரு ஊசி போடுவார்கள். அதில் இருப்பது காடோலினியம். அணு எண் 64, ஜோடி சேராத எலக்ட்ரான்கள் 7. அதன் பக்கத்தில் உள்ள நீரின் ஹைட்ரஜன் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பும். படத்தில் அந்த இடம் வெள்ளையாகப் பளிச்சிடும். தனி காடோலினியம் விஷம். வேதிக்கூண்டில் அடைத்துத்தான் தருகிறார்கள். 1988-ல் அமெரிக்கா முதல் மருந்தை அனுமதித்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தோல் இறுகும் நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று 2006-ல் தெரியவந்தது. ஊசிக்கு முன் கிரியாட்டினின் கேட்பது அதனால்தான். ரிசப்ஷனில் சண்டை போடாதீர்கள்.

நல்ல மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் இம்மருந்தை உள்ளே விடாது. ஒழுகும் இடத்தில்தான் கசியும். ஆக நாம் பார்ப்பது ஒழுகலை. மெதுவாக வளரும் கிளையோமாக்களில் பல பளிச்சிடுவதே இல்லை. கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறகோ, கட்டி வளராமலே வெள்ளைப் பகுதி பெரிதாகலாம்.

நம்ம ஊருக்கு வருவோம். குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். அதே கிருமி மூளைக்குப் போனால் டியூபர்குலோமா. ஊசிக்குப் பின் வெள்ளை வளையம் தெரியும். கிளையோபிளாஸ்டோமாவும் வளையம்தான், நாடாப்புழு முட்டையால் வரும் சிஸ்டிசெர்கஸும் பெரும்பாலும் வளையம்தான்! ஒன்றுக்குத் தலையைத் திறக்க வேண்டும். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் மாத்திரை போதும்.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர்கள் மேத்யூ சாண்டி, ராஜசேகர் குழுவினர் இதில் பெரிய வேலை செய்தார்கள். வலிப்போடு வந்தவர்களின் சி.டி. படத்தில் தெரிந்த சின்ன ஒற்றைப் புள்ளிகளை, அதுவரை டியூபர்குலோமா என்றே பலரும் நினைத்தார்கள். எடுத்துச் சோதித்தால் பல சிஸ்டிசெர்கஸ். 20 மி.மீ.க்கு மிகாமலும், நடுக்கோடு விலகும் அளவுக்கு வீக்கம் இல்லாமலும், நோயாளிக்குத் தலையழுத்த அறிகுறிகள் தொடராமலும் இருந்தால், வலிப்பு மாத்திரை கொடுத்துக் காத்திருந்து மறுபடி படம் எடுக்கலாம் என்று விதி வகுத்தார்கள். பல புள்ளிகள் தானே மறைந்தன. எத்தனை மண்டைகள் தப்பின!

இப்போது உங்களில் சிலர் இந்தப் படங்களைப் படிக்கும் மென்பொருளை ப்ராஜெக்டாகச் செய்கிறீர்கள். கிளையோமா படங்களை மட்டும் காட்டிப் பழக்கினால் அதற்கு எல்லா வளையமும் கிளையோமாதான். பாவம், அது சானடோரியத்தில் இறங்கியதே இல்லை. உங்கள் டேட்டாவில் டியூபர்குலோமா எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். பூஜ்யம் என்றால் டீ இடைவேளையில் என்னைப் பிடியுங்கள், பேசுவோம்.