பின்னி முடித்தால் போதுமா?

(யூபிலி விழாவை முன்னிட்டு, நமது பங்கின் தாய்மார்கள் கையால் பின்னிய ஸ்வெட்டர்களின் கண்காட்சியைத் திறந்து வைத்துப் பங்குக் குரு ஆற்றிய உரை)



ஸ்வெட்டரைப் பற்றிச் சாமியாருக்கு என்ன தெரியும் என்று சிலர் உங்களுக்குள் சிரித்துக் கொள்வது எனக்குக் கேட்கிறது. ஊசி பிடிக்க எனக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் கம்பளியின் அருமை இந்த மலையில் வாழும் எவருக்கும் தெரியும். ஏற்காட்டுப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கீழே சேலத்தில் மின்விசிறி சுழன்று கொண்டிருக்கும் மாலை வேளையில், இங்கே நாம் போர்வையைத் தேடுகிறோம். காப்பிப் பழம் பறிக்கும் காலமும் பனிக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. விடியற்காலையில் தோட்டத்துக்குப் புறப்படும் தாய்க்கும், மூடுபனியில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைக்கும் ஸ்வெட்டர் ஓர் அலங்காரம் அல்ல, அது ஒரு தேவை.

இந்த மேசைகளை முன்பே ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். பாராட்ட வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றோடு ஒன்றிரண்டு காரியங்களைச் சொல்லவும் விரும்புகிறேன். முதலாவது, வேலையை முடிப்பதைப் பற்றி. இரண்டாவது, முடித்த வேலையைப் பிறர் பார்க்க வைப்பதைப் பற்றி. மூன்றாவது, அதற்குரிய விலையைப் பற்றி.

காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஓர் உதாரணம் சொன்னால் எளிதில் விளங்கும். பழம் பறித்தவுடன் அது காப்பியாகி விடுகிறதா? இல்லை. தோலை நீக்க வேண்டும், களத்தில் காய வைக்க வேண்டும், பருப்பை எடுக்க வேண்டும், தரம் பிரிக்க வேண்டும், வறுத்து அரைக்க வேண்டும். ஸ்வெட்டரும் அப்படித்தான். முதுகு ஒரு துண்டு, முன்பக்கம் ஒரு துண்டு, கைகள் இரண்டு துண்டுகள். கடைசிக் கண்ணியை மூடியதும் பின்னி முடித்தாகிவிட்டது என்கிறோம். ஆனால் அந்த நான்கு துண்டுகளும் டிரங்குப் பெட்டியில் இரண்டு மார்கழி தூங்கிய வீடுகளும் நம் பங்கில் உண்டு! பின்னுவது மனத்துக்கு இன்பம். பேசிக்கொண்டே பின்னலாம், செபமாலை கேட்டுக்கொண்டே பின்னலாம். இணைத்துத் தைப்பதற்கோ உட்கார்ந்து, கூர்ந்து பார்த்து, பொறுமையோடு இருக்க வேண்டும். அங்கேதான் பலர் நின்று விடுகிறோம்.

கைதேர்ந்த நம் தாய்மார்கள் சொல்லக் கேட்டதைத் தொகுத்துத் தருகிறேன். இளம் பெண்கள் கவனியுங்கள்.

நூலை வெட்டும்போது ஆறு அங்குல வாலாவது விட்டு வெட்ட வேண்டும். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் முடிச்சு உடலில் உறுத்தும், ஒருநாள் அவிழ்ந்தும் போகும். வாலை மொட்டை முனை ஊசியில் கோத்து, உட்பக்கத்துக் கண்ணிகளின் வழியே முதலில் ஒரு திசையிலும் பிறகு எதிர்த் திசையிலும் செலுத்தி விட வேண்டும். தைக்கும் முன்பே துண்டுகளை வெதுவெதுப்பான நீரில் நனைத்து எடுக்க வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் நீர் இறங்கி விடும். பிறகு பாயின்மேல் துணி விரித்து, துண்டுகளைப் பரப்பி, அளவு நாடாவால் அளந்து, ஓரங்களில் குண்டூசி குத்தி நிழலில் காய விட வேண்டும். கொடியில் தொங்க விட்டால் நீரின் பாரத்தால் சட்டை நீண்டு, அண்ணனுக்குப் பின்னியது அப்பாவுக்கு ஆகிவிடும்! நமது மூடுபனிக் காலத்தில் காய்வதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அவசரப்பட்டு அடுப்புக்கு மேலே கட்டினால் புகை வாடை ஏறிவிடும்.

ஆட்டு உரோமக் கம்பளி நூல் வேறு, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூல் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். கம்பளி, நீரில் நனைந்து காய்ந்ததும் நாம் வைத்த வடிவத்தைப் பிடித்துக் கொள்ளும். அக்ரிலிக் வெப்பத்தில் இளகும் செயற்கை இழை. அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் பின்னலின் மீள்தன்மை போய்த் துவண்டு விடும், மறுபடி மீளாது. ஒரு மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் வீணாகும்.

தைக்கும்போது முதலில் தோள், பிறகு கை, அதன்பின் பக்கவாட்டு. அதே நூலால், இரு ஓரத்து வரிசைகளையும் எதிரெதிரே எண்ணித் தைத்தால் தையல் இருக்குமிடமே தெரியாது. கழுத்துப் பட்டிக்குக் கண்ணிகளை இரு பக்கமும் சமமாக எடுக்க வேண்டும். கடைசியில் கண்ணிகளை மூடும்போது கையைத் தளர்த்த வேண்டும். அங்கே இறுக்கிவிட்டால் குழந்தையின் தலை நுழையாது. ஸ்வெட்டர் எவ்வளவு அழகாயிருந்து என்ன பயன்?

இவை சின்னச் சின்ன விஷயங்கள்தானே என்று நினைக்க வேண்டாம். 1400-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனி நாட்டில் பெர்ட்ராம் என்னும் ஓவியர், பக்ஸ்டஹூடே நகரத்துக் கன்னியர் மடத்தின் பீடத்துக்காகப் படங்கள் வரைந்தார். அவை இப்போது ஹாம்பர்க் நகரக் கலைக்கூடத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்றில் நம் தேவதாய் அமர்ந்து சட்டை பின்னிக் கொண்டிருக்கிறார்கள். நான்கு ஊசிகளைக் கொண்டு சுற்றுப் பின்னலாகப் பின்னுகிறார்கள். உடலும் கைகளும் முடிந்துவிட்டன, கழுத்துப் பகுதிதான் பாக்கி. அருகில் பாலன் இயேசு. எதிரே இரு வானதூதர்கள் சிலுவையும் ஈட்டியும் முள்முடியும் ஏந்தி வந்து நிற்கிறார்கள். வரப்போகும் பாடுகளின் அடையாளம் கண்முன் நிற்கிறது. அன்னையோ ஊசியைக் கீழே வைக்கவில்லை. ஆண்டவரின் அங்கி தையலில்லாமல் மேலிருந்து ஒரே துண்டாய் நெய்யப்பட்டிருந்தது என்று அருளப்பர் தம் நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில் எழுதியுள்ளார். அது நெய்த ஆடை. தையலில்லாத ஆடை என்றதும் அந்த ஓவியர் தம் காலத்துப் பின்னலை மனத்தில் கொண்டு வரைந்தார். வேலையின் கடைசிப் பகுதியைத்தான் அவர் தேர்ந்து கொண்டார் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது காரியத்துக்கு வருவோம். இந்தக் கண்காட்சிக்குக் கொடுக்கக் கேட்டபோது, சிலர் தயங்கினார்கள். “சாமி, இதைப் போய்க் காட்டுவதா? பெருமையடிக்கிறோம் என்பார்களே” என்றார்கள். தானதருமத்தைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்று ஆண்டவர் போதித்தது உண்மை. விளக்கைக் கொளுத்தி மரக்காலின் கீழ் மூடி வைக்கக் கூடாது என்று போதித்தவரும் அவரே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன? தன்னைக் காட்டுவது ஒன்று, வேலையைக் காட்டுவது வேறொன்று.

அப்போஸ்தலர் பணி நூலின் 9-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் படியுங்கள். யோப்பா நகரத்தில் தபித்தா என்றொரு பெண் இருந்தாள். அவள் இறந்தபோது இராயப்பர் அங்கே வந்தார். கைம்பெண்கள் அழுதுகொண்டு அவரைச் சூழ்ந்து நின்று, அவள் உயிரோடிருந்தபோது செய்து கொடுத்த ஆடைகளை எடுத்துக் காட்டினார்கள். அவளுடைய ஏழைகள் அவளுக்காகச் சொன்ன சாட்சி அந்த ஆடைகள்தாம். தபித்தா அவற்றைப் பெட்டியில் துண்டு துண்டாக வைத்திருந்தால், அந்தப் பெண்கள் எதைக் காட்டியிருப்பார்கள்?

ஆகவே தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் உட்பக்கத்தையும் திருப்பிக் காட்டுங்கள். நீலகிரியில் தோடர் இனத்துப் பெண்கள் செய்யும் பூவேலைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அவர்கள் துணியில் படம் வரைந்து கொள்வதில்லை. இழைகளை எண்ணி, துணியின் பின்புறத்திலிருந்தே தைக்கிறார்கள். எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் வேலை வேலையாகவே இருக்கும். நாம் ஸ்வெட்டர் பின்னும் ஊசிக்கும் நீலகிரியோடு உறவு உண்டு. கேத்திக்கு அருகே எல்லநள்ளியில், 1949-இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் செய்யும் ‘போனி’ ஊசிகள் பல நாடுகளுக்குச் செல்கின்றன. கருவி நம் தமிழ்நாட்டு மலையில் பிறக்கிறது. அதைக் கொண்டு செய்த வேலையை மட்டும் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? 2016-இல் சென்னையில் பெண்கள் பலர் கூடி, அவரவர் வீட்டில் செய்த குரோஷாச் சதுரங்களை ஒன்றாக இணைத்து, 11,000 சதுர மீட்டருக்கும் பெரிய போர்வை ஒன்றை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். தனித்தனிச் சதுரம் யார் கண்ணிலும் படாது. இணைத்ததால்தான் உலகம் பார்த்தது.

மூன்றாவது மேசையில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் இருக்கிறது. அதன் முதுகும் முன்பக்கமும் ஒரு தாய் பின்னியவை. கைகளைத் தொடங்குமுன் இறைவன் அவரை அழைத்துக் கொண்டார். பல மாதங்கள் கழித்து மகள் அதே நிற நூலைத் தேடி வாங்கிக் கைகளைப் பின்னிச் சேர்த்திருக்கிறாள். தாயின் கண்ணி நெருக்கம், மகளின் கண்ணி கொஞ்சம் தளர்ச்சி. நூலின் நிறமும் ஒரு சாயல் மாறுகிறது. எல்லாவற்றையும் பிரித்து ஒரே கையால் பின்னினால் சீராக இருக்கும் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். அவள் பிரிக்கவில்லை. நல்ல காரியம் செய்தாள். அந்தத் தோள் தையலில் இரண்டு கைகள் சந்திக்கின்றன. கண்காட்சியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே.

கடைசியாக விலை. இதைச் சொல்வதற்குச் சங்கடப்பட மாட்டேன். நாளுக்கு 2 மணி நேரமாக 30 நாள் பின்னினால் 60 மணி நேரம் ஆகிறது. அந்தச் சட்டையை நூல் விலைக்கு மேல் 50 ரூபாய் வைத்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நாமும் முகதாட்சணியத்துக்காகக் கொடுத்து விடுகிறோம். மணிக்கு ஒரு ரூபாய்கூட விழவில்லையே! இயந்திரத்தில் செய்த ஸ்வெட்டரின் விலையோடு போட்டி போட நம்மால் முடியாது, போட்டி போடவும் தேவையில்லை. ஆனால் நூல் எவ்வளவு, பொத்தான் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தக் கணக்கைச் சட்டையோடு சேர்த்துக் காட்டுங்கள். அன்பளிப்பாகக் கொடுப்பதானால் முழுமனத்தோடு கொடுங்கள். விற்பதானால் நியாயமான கூலி கேளுங்கள். வேலையாளின் கூலியைப் பிடித்து வைப்பது பாவம் என்று திருச்சபை போதிக்கிறது. பெண்ணின் கைவேலைக்கு அதில் விலக்குக் கிடையாது.

நாகர்கோவிலில் 1821-ஆம் ஆண்டில், நம் பிரிந்த சகோதரர்களின் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அடிமைகளாய்ப் பிறந்த பெண்கள் சிலர், அந்த வருமானத்தைக் கொண்டே தம் விடுதலையை வாங்கினர் என்று அந்த மிஷனின் வரலாறு கூறுகிறது. நூலும் ஊசியும் செய்த காரியத்தைப் பாருங்கள்! நியாயமான விலை கிடைத்திராவிட்டால் அது நடந்திருக்குமா?

அன்பார்ந்த தாய்மார்களே, வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அரைகுறையாய்க் கிடக்கும் துண்டுகளை அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் இங்கே கொண்டு வாருங்கள். தைக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். கண் மங்கிய பாட்டிமார்களுக்குப் பிள்ளைகள் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கட்டும். பனி இறங்குமுன் அவை சட்டைகளாகி, யாராவது ஒருவரின் தோளில் ஏறட்டும்.

தொடங்கியதை முடிக்கும் பொறுமையை இறைவன் உங்களுக்குத் தந்து, உங்கள் கைவேலைகளை ஆசீர்வதிப்பாராக. கண்காட்சியைத் திறந்து வைக்கிறேன்.