பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் முன்

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எனக்குத் தெரிஞ்ச மாதிரி பேசுறேன்.

என் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சா. "ஹாஸ்டல்ல பார்ட்டிங்கறாங்க, போதைங்கறாங்க, பேசாம ஒரு வரனைப் பாரு"ன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. எனக்கும் பயம்தான். ஆனா பயந்து படிப்பை நிறுத்துனா அவ வாழ்க்கையில்ல போகும்? குழுவில் கடன் எடுத்துக் கறவை மாடு வாங்கணும்னாலே மூணு தடவை போய்ப் பார்க்கிறோம், பால் கறந்து பார்க்கிறோம். பிள்ளை மூணு வருஷம் இருக்கப்போற இடத்தை நோட்டீஸைப் பார்த்து முடிவு செய்யலாமா?

நானும் வீட்டுக்காரரும் இரண்டு கல்லூரிக்கு நேரில் போனோம். என்ன விசாரிக்கணும்னு சொல்றேன்.

முதலில் ராகிங். 1997-லேயே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்திருச்சு. சேரும்போது நம்மகிட்டயும் உறுதிமொழி வாங்குவாங்க, படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. புகார் சொல்ல 1800-180-5522, காசு கிடையாது.

இரண்டாவது, பாலியல் தொல்லைக்கான புகார்க் குழு. 2013 சட்டப்படி இருக்கணும், ஒரு பெண்தான் தலைமை. ஒரு கல்லூரியில் இதைக் கேட்டதும், "அதெல்லாம் எதுக்கும்மா, நாங்க பார்த்துக்குவோம்"னாங்க. இன்னொன்றில் பெயரும் போன் நம்பரும் சுவத்திலேயே எழுதியிருந்தது.

மூணாவது, விடுதி. சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்க. வார்டன் ராத்திரி அங்கேயே தங்குறாங்களா, லைட் எரியுதான்னு பாருங்க. படிக்கிற பிள்ளைங்ககிட்டயே கேளுங்க, உண்மையைச் சொல்லும். வெளியில் தனியார் விடுதின்னா உரிமத்தைக் காட்டச் சொல்லுங்க. கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள்ளே கடையில் புகையிலை விற்கக் கூடாது, அதையும் பாருங்க.

சுவத்தில் நம்பர் எழுதியிருந்த கல்லூரியிலேயே சேர்த்தோம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பரவாயில்லை. அரசுப் பள்ளியில் படிச்சதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய்க்கும் எழுதிக் கொடுத்திருக்கோம்.

மகள்கிட்ட ஒண்ணுதான் சொன்னேன். "பிடிக்காத இடத்துக்குக் கூப்பிட்டா வரலைன்னு சொல்லு. மாட்டிக்கிட்டா ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணு. திட்ட மாட்டேன், கூட்டிட்டு வந்துடுவோம்." திட்டுவாங்கன்னுதான் பிள்ளைங்க மறைக்குது. 181 நம்பரையும் மனப்பாடம் பண்ண வச்சேன்.

பையனைப் பெத்தவங்களும் வீட்டில் பேசணும். ராகிங் பண்றதும், ஒரு பொண்ணை வற்புறுத்துறதும் யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளைதானே?

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைங்க பட்டியலை இப்பவே எடுப்போம். தனியாப் போகத் தயங்குற தாய்மாரோட குழுவில் இரண்டு பேர் துணைக்குப் போவோம். பயத்தால் ஒரு பிள்ளை படிப்பும் நிற்கக் கூடாது.