படிப்பு யாருக்கு ஏறாது?
(சிதம்பரத்தில் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

“கூலிக்காரன் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது” என்கிறார்கள். பொய்!

மனம் ஒரே சமயத்தில் ஏறக்குறைய ஏழு செய்திகளைத்தான் பிடித்து வைக்கும் என்று 1956-ல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். அந்த எல்லை முதலாளிக்கும் உண்டு, கூலியாளுக்கும் உண்டு. பிறகு படித்தவன் எப்படி அதிகம் நினைவில் வைக்கிறான்? நாற்றை ஒவ்வொன்றாகவா சுமக்கிறோம்? முடி முடியாகக் கட்டிச் சுமக்கிறோம். எழுத்தைச் சொல்லாக, சொல்லை வாக்கியமாகக் கட்டப் பழகுவதே படிப்பு. எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்கிறாரே ஆலைத் தொழிலாளி, அதுவும் இப்படிப் பழகிய அறிவுதான்.

சோவியத் அறிஞர் லூரியா 1931-லும் 1932-லும் உஸ்பெக் கிராமங்களுக்குப் போனார். பனி மூடிய வடக்கில் கரடியெல்லாம் வெள்ளை. வடக்கிலுள்ள ஒரு தீவின் கரடி என்ன நிறம் என்று கேட்டார். எழுத்தறியாதவர்கள் பலர், போய்ப் பார்த்தவனைக் கேள் என்றார்கள். அது மடமையல்ல, கண்டதை மட்டுமே சொல்லும் பழக்கம். சிறிது காலமே படித்தவர்கள் வெள்ளை என்றார்கள். மண் ஒன்று, மக்கள் ஒன்று, பள்ளிக்கூடம்தான் வேறுபாடு.

இதே ஊரில் 1916-ல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் படித்தார்கள். மூளையா மாறியது? கதவு திறந்தது!

அறுப்பு நாளிலும் பிள்ளையைக் களத்துக்கு இழுக்காதீர்கள். பள்ளிக்கு அனுப்புங்கள்!