தகரப் பெட்டியும் கணினியும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



தலைமையாசிரியன் ஒருவன் மேடையேறினால் கல்வியைப் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது மருத்துவச் சீட்டைப் பற்றி. அதுவும் எழுத்தறிவைச் சேர்ந்த செய்தியே.

நம் வீடுகளில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பட்டா இருக்கிறதோ இல்லையோ, சாதிச் சான்றிதழும் குடும்ப அட்டையும், அவற்றுக்கடியில் மடித்து மடித்துக் கிழிந்த மருத்துவச் சீட்டுகளும் அதில் இருக்கும். 2012 நவம்பர் 7ஆம் நாள் நாயக்கன்கொட்டாயை அடுத்த நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகள் எரிக்கப்பட்டபோது, 200க்கும் மேற்பட்ட வீடுகளோடு பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. காகிதம் எவ்வளவு எளிதில் அழியும் என்பதை நம் மாவட்டத்தாருக்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

பள்ளிச் சான்றிதழுக்கு நகல் பெறலாம். சீட்டுக்கு? என் தாயாருக்குச் சர்க்கரை நோய். ஒரு மழைக்காலத்தில் சீட்டு நனைந்து எழுத்தழிந்துவிட்டது. என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டார். “வெள்ளை மாத்திரைங்க, நடுவுல கோடு போட்டிருக்கும்” என்றார் தாயார். எந்த மாத்திரைக்குத்தான் கோடில்லை? சோதனைகள் அனைத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே கணினிப் பதிவை நான் வரவேற்கிறேன். நம் மாநிலத்தில் இது நேற்று வந்ததன்று. கருவுற்ற தாய்மாரையும் குழந்தைகளையும் பதியும் ‘பிக்மி’ 2008ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. அதற்கு முன் கிராம சுகாதார செவிலியர் தடித்த பதிவேடுகளைச் சுமந்து வீடு வீடாக எழுதி வந்தார். இன்று தாய்க்கு 12 இலக்க எண் தரப்படுகிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் மகப்பேறு நிதியுதவிக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். 2004 வரை நம் மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்டு 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலர் இரத்த அழுத்தத்தை அளந்து கைப்பேசியில் பதிகிறார். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று நடுவணரசின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டமும் வந்தது. அதன் எண்ணுக்கு 14 இலக்கம். அதைப் பெறுவது அவரவர் விருப்பம், கட்டாயமன்று.

வரவேற்கிறேன் என்றேன், ஆனால் எனக்கோர் அச்சமும் உண்டு. என் பிறந்த நாள் எனக்கு ஓர் ஆசிரியர் தந்தது. பள்ளியில் சேர்க்கச் சென்ற என் தந்தைக்குத் தேதி சொல்லத் தெரியவில்லை. அவர் ஜூன் 1 என்று எழுதிவிட்டார். உங்களிலும் ஜூன் முதல் தேதிக்காரர்கள் நிறைய இருப்பீர்கள்! அந்தத் தேதிதான் என் வேலையை நிர்ணயித்தது. ஓய்வு பெறும் நாளையும் அதுவே நிர்ணயிக்கப் போகிறது.

கணினியில் ஏறும் பிழையும் அப்படித்தான் நம்மைத் தொடரும். முனியம்மாளும் முனியம்மாவும் கணினிக்கு வெவ்வேறு ஆட்கள். அதைவிடக் கொடியது, தொலைபேசி எண். கட்டட வேலைக்குப் போகும் நம் பெண்கள், கைப்பேசி இல்லாமையால் மேஸ்திரியின் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். நோய்க் குறிப்பைத் திறக்க ஒப்புதல் கேட்டு வரும் ரகசிய எண் அவர் கைக்கே போகிறது. நம் பெட்டியின் சாவி மேஸ்திரி சட்டைப் பையில்! காசநோய் என்ற ஒரு சொல் கசிந்தால் கூலி வேலையும் போகும், பெண்ணுக்கு வந்த வரனும் போகும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது மேஸ்திரிக்குத் தெரியுமா?

இளைஞர்களே! ஞாயிறுதோறும் நாலு வீட்டுக்குச் செல்லுங்கள். பெட்டியைத் திறந்து, குடும்ப அட்டையிலுள்ள பெயரும் மருத்துவப் பதிவிலுள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். கொடுத்த தொலைபேசி எண் யாருடையது என்று கேளுங்கள். தவறிருந்தால் செவிலியரிடம் உடன் சென்று திருத்தச் சொல்லுங்கள். பழைய சீட்டை எறிய விடாதீர்கள். மின்சாரம் நின்றால் கணினி வாய் திறவாது. எண்ணையும், சாப்பிடும் மருந்துகளின் பெயர்களையும் ஒரு 40 பக்க நோட்டில் எழுதிக் கொடுங்கள். பிறர் நோயை வெளியே பேசாதீர்கள்.

என் தாயாரின் நோட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அவர் அனுமதி பெற்றே கொண்டுவந்தேன். விழா முடிந்ததும் மேடையருகே வந்தால் எப்படி எழுதுவதென்று காட்டுகிறேன்.